இயற்கை ஃப்ளூரைட்டா, உலையில் வளர்த்ததா?

லென்ஸோ பட்டகமோ செய்ய எந்த ஃப்ளூரைட்டை (கால்சியம் ஃப்ளூரைடு படிகம்) எடுப்பது என்று குழம்புகிறவர்கள் முதலில் ஒளிச்சிதறலைப் பார்க்க வேண்டும். இருட்டறையில் பச்சை லேசரைப் படிகத்துக்குள் செலுத்திப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள் (கதிரை நேராகப் பார்க்கவே கூடாது). பாதை பளிச்சென்று தெரிந்தால் உள்ளே சிதறடிக்கும் துகள் இருக்கிறது.

சிதறல்
இயற்கை: வளரும்போதே சிக்கிய நீர்த்துளி, வாயுக்குமிழி, வேற்றுக் கனிமத் துணுக்கு. அலைநீளத்தைவிடப் பெரிதானால் எல்லா நிறமும் சிதறும், படிகம் பால்போல் மங்கும்.
உலை: ஈரமும் ஆக்சிஜனும் புகுந்தால் கால்சியம் ஆக்சைடு நுண்துகள்கள் உருவாகும். இவை மிகச் சிறியதாக இருந்தால் 400 நானோமீட்டர் ஊதா, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும். வெற்றிடத்தில் காரீய ஃப்ளூரைடு சேர்த்து உருக்கினால் ஆக்சிஜன் வெளியேறிவிடும். என் பார்வையில் தரத்தைத் தீர்மானிப்பதே இந்தப் படிதான்.

புறஊதா
இயற்கை: தனித்தனி அயனிகளாகக் கரைந்த அருமண் (சீரியம் போன்ற உலோகத் தனிமங்கள்) மாசு அதிகம் சிதறடிக்காது, ஆனால் ஒளியை உறிஞ்சும்.
உலை: தூய மூலப்பொருள் என்றால் ஆழ்புறஊதா வரை தெளிவு.

அளவு
இயற்கை: தெளிந்த துண்டு சிறிதாகவே கிடைக்கும். 1886இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே நுண்ணோக்கி லென்ஸுக்கு இதைத்தான் பயன்படுத்தினார்.
உலை: பெரிய லென்ஸுக்கும் போதும். 1969இல் கேனான் 300 மி.மீ. லென்ஸில் வைத்தது.

உறுதி இரண்டுக்கும் ஒன்றே: மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 4, எளிதில் பிளக்கும்.

புறஊதா, லேசர், தொலைநோக்கி வேலைக்கு உலைப் படிகம். கனிமச் சேகரிப்புக்கும் வகுப்பில் சிதறலைக் காட்டவும் இயற்கைக் கல். அந்த உட்பொதிவுகளே அங்கே பாடம்.