டேவிஸுக்கு நேராகவா, கம்யூனிட்டி காலேஜ் வழியாகவா?

கலிபோர்னியாவில் விவசாயம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பள்ளி முடித்ததும் நேரே யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸ் வளாகத்திலோ சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலியிலோ சேரலாம். இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு டேவிஸுக்கு மாறலாம். அல்லது கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சிகோ ஸ்டேட் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் (யூசி வேறு, இது வேறு; கால் பாலியும் இந்தக் குழுமத்தில் ஒன்று). பின்னிரண்டையும் இடம் கிடைக்காதவர்கள் போகிற வழி என்று நம் வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். மற்ற படிப்புகளுக்கு எப்படியோ, விவசாயத்துக்கு அந்த எண்ணம் பொருந்தவே பொருந்தாது.

பணக் கணக்கு எளிது. மாநிலவாசிகளுக்கு கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு, அதாவது பாடங்களை அளக்கும் ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர். 2012 முதல் இதுதான் கட்டணம். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டும் சேர்த்து 2,760 டாலர். யூசியில் ஒரே வருடக் கட்டணம் 14,000 டாலரைத் தாண்டும். வெளிநாட்டு மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்த 46 டாலர் கிடையாது, பல மடங்கு கூடும். அவர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிவது பண்ணை. சான்டா ரோசா ஜூனியர் காலேஜின் ஷோன் ஃபார்ம் 365 ஏக்கர். திராட்சைத் தோட்டம், காய்கறி, கால்நடை, காடு எல்லாம் அதற்குள்ளேயே. ரீட்லி, மொடெஸ்டோ கல்லூரிகளுக்கும் சொந்தப் பண்ணை உண்டு. முதல் வருடமே மண்ணியல் வகுப்பில் ஈரமண்ணைப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் பட்டையாகத் தள்ளிப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குள் பட்டை ஒடிந்தால் களிமண் குறைவு. ஐந்தைத் தாண்டியும் ஒடியாமல் நின்றால் களிமண். ஆசிரியர் பக்கத்தில் நின்று, “தண்ணீர் அதிகம், மறுபடி பிசை” என்று திருத்துவார். பெரிய பல்கலைக்கழகத்தில் அதே வருடம், நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கில் வேதியியல் கேட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கால் பாலி இதற்கு விலக்கு. அங்கே முதல் வருடத்திலேயே துறைப் பாடம் தொடங்கிவிடும். நேரே கால் பாலியில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துவிடலாம்.

டேவிஸில் நேரே சேர்வதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு வருடம் அங்கேயே இருப்பதால் பேராசிரியர்களின் ஆய்வகங்களில் முன்கூட்டியே நுழைய முடியும். பயிர் மரபியலில் முனைவர் பட்டம் வரை போக நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். மூன்றாம் வருடத்தில் வந்து சேர்பவர் வழி தெரிந்துகொள்வதற்குள்ளேயே பாதிக் காலம் ஓடிவிடும்.

கம்யூனிட்டி காலேஜ் வழியில் பலரும் தடுக்கி விழுவது வேதியியலில்தான். பயிரியல், கால்நடையியல் படிக்க டேவிஸ் போகிறவர்கள் பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல் மூன்றிலும் தொடர்ச்சியான பாட வரிசைகளை முடிக்க வேண்டும். பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலில் சேர முடியாது. கணிதத் தகுதி போதாமல் வேதியியலை இரண்டாம் செமஸ்டருக்குத் தள்ளினால் இரண்டு வருடம் மூன்றாக நீளக்கூடும். கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலும் கல்வியாண்டை இரண்டு பருவமாகப் பிரிக்கும் செமஸ்டர் முறை, டேவிஸிலோ மூன்று குறும்பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. ஒரு வரிசையைப் பாதியில் விட்டுப் போனால் அங்கே எந்தப் பாடத்திலிருந்து தொடர்வது என்ற குழப்பம் வரும். ஆகவே தொடங்கிய வரிசையைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடித்துவிட வேண்டும். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பது ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் கல்லூரிவாரியாக இருக்கிறது. கல்லூரியின் கல்வி ஆலோசகரைப் பார்க்கும் முன்பே அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் இந்தத் தலைவலி குறைவு. 2010இல் வந்த சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே வடிவமைத்த இரண்டு வருடப் பட்டம் ஒன்று உண்டு. பயிரியல், கால்நடையியல், வேளாண் வணிகம் ஆகியவற்றில் அது இருக்கிறது. அதை முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதோ ஒன்றில் இடம் உறுதி, அதே துறையில் மீதி 60 யூனிட்டில் பட்டம் வாங்கிவிடலாம். ‘ஏதோ ஒன்று’ என்பதைக் கவனிக்க வேண்டும்: கால் பாலிதான் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கிடைத்தால் என்ன குறை? சுமார் 1,000 ஏக்கர் பண்ணை, பால்பண்ணை, 1997 முதல் சொந்தமாக வைன் தயாரிப்பு, விளைந்ததை விற்கக் கடை. சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பாதாமும் திராட்சையும் சுற்றிலும் விளைகின்றன. வேலை கொடுக்கப்போகிறவர்கள் அடுத்த ஊரில்தான் இருக்கிறார்கள். தோட்ட மேலாண்மை, நீர்ப்பாசனம், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆலோசகர் உரிமம் என்று போகிறவருக்கு ரீட்லியிலிருந்து ஃப்ரெஸ்னோ போவதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆராய்ச்சிதான் குறி என்றால், நேரடி இடம் கிடைக்கும் பட்சத்தில், டேவிஸ்.

நேரடி இடம் கிடைக்காதவருக்கும் டேவிஸின் கதவு மூடிவிடுவதில்லை. கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு மாறும்போது இடம் உறுதி என்று சொல்லும் ‘டேக்’ ஒப்பந்தத்தை யூசியின் ஆறு வளாகங்கள் தருகின்றன, டேவிஸ் அதில் ஒன்று. ஒரு மாணவர் ஒரு வளாகத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். துறைக்கேற்ற ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) வேண்டும். விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை, அதாவது இரண்டாம் வருடம் தொடங்கிய உடனேயே. அதற்குள் 30 யூனிட் கையில் இருக்க வேண்டும். வேதியியலை முதல் செமஸ்டரிலேயே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.