‘அப்ரூவல் இன்னும் வரலம்மா’ என்று கவுன்டரில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருந்தும் அப்பாவின் இதய அடைப்புக்கு 96,500 ரூபாய் கட்டிவிட்டு வந்தோம். அதே சிகிச்சைக்கு அதே மருத்துவமனை அந்த அட்டையிலும் பணம் எடுத்திருக்கிறது. இது எங்களுக்குத் தெரியவே இரண்டரை மாதம் ஆனது. புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

அப்பாவுக்கு 58 வயது. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. மார்ச் மாதம் ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றார், சட்டையெல்லாம் வேர்வை. வாயுதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்ததில் ஒரு மணி நேரம் வீணானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், ஒரு கை மாத்திரையை மொத்தமாக விழுங்கவைத்தார். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கும் மாத்திரைகள் அவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். “108-ல ஏத்தி விடறேன், நேரா மெடிக்கல் காலேஜுக்குப் போயிருங்க” என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். “அங்க கூட்டமா இருக்கும், தரையில படுக்க வெச்சிருவாங்க. பைபாஸ்ல இருக்கிற ஆஸ்பத்திரியிலயும் நம்ம கார்டு எடுக்கிறாங்க” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மருத்துவமனை வாசலில் ஆளுயரத்துக்குத் திட்டத்தின் போர்டு இருந்ததைப் பார்த்ததும் எனக்கும் தெம்பு வந்துவிட்டது.

அப்பாவை உள்ளே கொண்டுபோனதும் என்னைக் காப்பீட்டுக் கவுன்டருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அப்புறம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “சர்வர் ஸ்லோவா இருக்கும்மா. அப்ரூவல் வர ரெண்டு நாள் ஆகும். டாக்டர் உடனே பண்ணணும்னு சொல்றார். இப்போதைக்கு 40,000 அட்வான்ஸ் கட்டிருங்க, அப்ரூவல் வந்ததும் அப்படியே திரும்பக் கிடைச்சிரும்” என்றார்.

உள்ளே அப்பா படுத்திருக்கும்போது சர்வரைப் பற்றி விவாதம் பண்ணவா முடியும்? அம்மாவின் செயின் அடகுக் கடைக்குப் போனது. பணம் கட்டும்போது ஒரு பாரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ‘திட்டத்தின் கீழ் அல்லாமல் சொந்த விருப்பத்தின் பேரில் சொந்தச் செலவில் சிகிச்சை பெறுகிறேன்’ என்று அதில் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. கவுன்டர்காரர் ‘திரும்பக் கிடைச்சிரும்’ என்றதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆஞ்சியோ எடுத்துவிட்டு ஒருவர் வெளியே வந்தார். டாக்டரா, டெக்னீஷியனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வைக்க வேண்டும் என்றார். “கார்டுல வர்ற ஸ்டென்ட் சுமார் ரகம். இம்போர்டட் வெச்சா நிம்மதியா இருக்கலாம். வித்தியாசம் 45,000 தான்.” அந்த நேரத்தில் சுமார் ரகமே போதும் என்று எந்த மகள் சொல்வாள்? கணவரிடம் சொல்லி அவருடைய முதலாளியிடம் கடன் வாங்கி ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது மருத்துவமனைக் கணக்குக்கு அல்ல, கீழே இருக்கும் மெடிக்கல் ஷாப் கணக்குக்கு. அப்போது அதுவும் உறைக்கவில்லை.

ஸ்டென்ட்டுக்கு அரசு விலை வரம்பு இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அதற்குப் பிறகு ஏறி இறங்கியும் வரி நீங்கலாக 40,000-க்குள்தான் இருக்கிறது. இம்போர்டட் ஆனாலும் உள்நாட்டில் செய்தது ஆனாலும் அதே வரம்புதான். ‘வித்தியாசம்’ என்று என்னிடம் வாங்கியது ஒரு முழு ஸ்டென்ட்டின் விலையை விட அதிகம்! பில்லில் ஸ்டென்ட்டின் விலை, பிராண்டு, தயாரித்த நிறுவனம், பேட்ச் எண் எல்லாவற்றையும் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு.

மறுநாள் வார்டில் ஒரு பையன் வந்து அப்பாவைப் படுக்கையில் வைத்தபடியே போட்டோ எடுத்தான், கைரேகை மெஷினில் விரலை வைக்கச் சொன்னான். எதற்கு என்று கேட்டேன். “ஃபைலுக்குங்க்கா.” டிஸ்சார்ஜ் அன்று மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் என்று இன்னொரு 11,500 வாங்கினார்கள். அட்வான்ஸ் என்னாச்சு என்று கேட்டதற்கு, “அப்ரூவல் ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா, உங்க கார்டு பழசு” என்று பதில். அப்பாவிடம் நாலைந்து தாளை நீட்டினார்கள். அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்க்கவே பொறுமை வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்து எழுதுவார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து எல்லாத் தாளிலும் போட்டுக் கொடுத்தார்.

மே மாதக் கடைசியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். இந்த முறை மெடிக்கல் காலேஜுக்கே போனோம். அட்டை பழசு என்று சொல்லிவிட்டார்களே என்று தயங்கித் தயங்கித்தான் அங்கிருந்த காப்பீட்டு மேஜையில் நீட்டினேன். மேஜையில் இருந்தவர் பார்த்துவிட்டு, “கார்டு நல்லாத்தானே இருக்கு. மார்ச்ல உங்க வீட்ல யாருக்கோ ஸ்டென்ட் வெச்சிருக்கு இல்ல? அது போக மிச்சம் தாராளமா இருக்கும்மா” என்றார் சாதாரணமாக.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அட்டை குடும்பத்துக்கு மொத்தமாக ஆண்டுக்கு 5 லட்சம். அதில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கான, அதாவது ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சைக்கான, பேக்கேஜ் தொகை (திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு என்று வைத்திருக்கும் தொகை) கழிந்திருந்தது. அனுமதி கேட்ட அன்றைக்கே கிடைத்தும் இருந்தது. ரிஜெக்ட் என்பது பச்சைப் பொய். போட்டோவும் கைரேகையும் எந்த ‘ஃபைலுக்கு’ என்று அப்போதுதான் புரிந்தது.

உங்களுக்கு எஸ்எம்எஸ் வரவில்லையா என்று கேட்டார். அட்டையில் இருந்தது நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். 2018 முதல் நம் மாநிலத் திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து நடக்கிறது. அந்த ஆயுஷ்மான் பாரத் பதிவில் சுமார் 7.5 லட்சம் பேர் 9999999999 என்ற ஒரே நம்பரில் இருந்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 அறிக்கையில் சொல்லியிருந்தார். அதைப் படித்தபோது சிரித்தவள்தான் நான். உங்கள் அட்டையில் என்ன நம்பர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் கேட்கலாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். திட்ட அலுவலர் ஃபைலை வரவழைத்துக் காட்டினார். உள்ளே ஒரு கடிதம்: ‘எனக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது, என்னிடம் எந்தப் பணமும் பெறப்படவில்லை.’ கீழே அப்பாவின் அந்த விட்டு விட்டு எழுதிய கையெழுத்து. இன்னொன்றும் இருந்தது. எங்கள் டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டியிருந்த ஸ்டென்ட் ஸ்டிக்கரும், காப்பீட்டுக்கு அவர்கள் அனுப்பிய ஸ்டிக்கரும் ஒரே நம்பர். அப்படியானால் இம்போர்டட் எங்கே, சுமார் ரகம் எங்கே?

அவசர சிகிச்சைக்கு அனுமதியை உடனடியாகப் போனிலேயே வாங்க வழி இருக்கிறது, அதற்காக நோயாளியிடம் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றும் அவர் சொன்னார். முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்ற ஏற்பாடே இந்தத் திட்டத்தில் கிடையாது. பணம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மருத்துவமனைக்கு நேராகப் போகும். ஆகவே அந்த வாக்கியம் காதில் விழுந்தாலே உஷாராகுங்கள். கவுன்டரை விட்டு நகர்ந்து, வராண்டாவில் நின்றே 1800 425 3993-க்குப் போன் போட்டு அட்டை எண்ணைச் சொல்லி, அனுமதி கேட்டிருக்கிறார்களா, வந்துவிட்டதா என்று நீங்களே கேளுங்கள். 104-லும் புகார் சொல்லலாம். நான் அன்றைக்கு இந்த ஒரு போனைப் போட்டிருந்தால் செயின் வீட்டில் இருந்திருக்கும்.

பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, வருவதற்கும் மாசக்கணக்காகிறது என்று மருத்துவமனைக்காரர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு நர்சும் அதையே சொன்னார். சரி, கட்டுப்படியாகவில்லை என்றால் போர்டைக் கழற்றிவிட்டு, இங்கே ரொக்கம்தான் என்று சொல்லுங்கள். நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000-க்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் இது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரே நாளில் 85,000 புரட்ட வைத்தால் அது எங்கிருந்து வரும் என்று கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாதா?

விசாரணை தொடங்கிய பத்தாவது நாள் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு அட்வான்சும் மருந்துப் பணமும் சேர்த்து 51,500 கொடுத்தார்கள். “மனுவை வாபஸ் வாங்கிருங்கம்மா, அப்பா நல்லா இருக்காரில்ல” என்றார்கள். வாங்கவில்லை. மீதி 45,000 தங்களிடம் வரவே இல்லையாம், மெடிக்கல் ஷாப் தனி நிறுவனமாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் இரண்டு ஸ்டிக்கர்களின் நகலையும் வைத்து இரண்டாவது மனு கொடுத்திருக்கிறேன். யாரிடமாவது இதே மாதிரி மெடிக்கல் ஷாப் கணக்குக்குப் பணம் அனுப்பிய ரசீது இருந்தால் அழித்துவிடாதீர்கள். அதே ஷாப்பாகவும் இருக்கலாம், எனக்குச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அதே பழைய அட்டைதான். மெடிக்கல் காலேஜில் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. கட்டிலும் கிடைத்தது.