கப்பலில் போன்: ரோமிங் பேக்கா, இ-சிம்மா, உள்ளூர் சிம்மா, கப்பல் வைஃபையா?

தனுஷ்கோடிக்குப் போய் வந்த மதுரைக்காரர்கள் பலருக்கு இது பழக்கம். அரிச்சல்முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று போனில் ஒரு மெசேஜ் வந்து விழும். கால் நிற்பது நம் மண்ணில். போன் பிடித்திருப்பது அக்கரை டவரை. எந்த சிக்னல் கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்வதுதான் போனின் சுபாவம். பல நாட்டுத் துறைமுகங்களைத் தொட்டுப் போகும் கப்பலில் இந்தச் சுபாவம் காசைத் தின்றுவிடும்.

மதுரைப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறுகிறவர்களில் நிறையப் பேர் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெற்றோர். சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு அதே இடத்தில் இறங்கும் நான்கு இரவுப் பயணத்தையே இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். இதில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என மூன்று நாடுகள் வருகின்றன. நான்காவதாக எந்த நாட்டுக்கும் சேராத நடுக்கடலும் இருக்கிறது. மூன்று நாட்டுக்குப் பேக் போட்டவர்கள் கோட்டைவிடுவது அந்த நான்காவதில்தான்.

முதலில் ஒதுக்க வேண்டியது: கப்பலின் சொந்த டவர்

பெரிய பயணக் கப்பல்களுக்குள்ளேயே சிறிய மொபைல் டவர்கள் இருக்கும். அங்கிருந்து பேச்சும் டேட்டாவும் செயற்கைக்கோள் வழியாகப் போகும். போன் திரையில் 'செல்லுலார் அட் சீ' என்றோ 'டெலினார் மாரிடைம்' என்றோ பெயர் வரும். சில போன்களில் வெறும் 901-18, 901-12 என்ற எண்கள் மட்டும் தெரியும். இந்திய நெட்வொர்க்குகளின் எண் 404, 405 என்று தொடங்கும். 901 எந்த நாட்டுக்கும் உரியதல்ல. அதனால் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று நாட்டுப் பெயர் போட்டு விற்கும் சாதாரண ரோமிங் பேக்கில் இது அடங்காது. பேச்சுக்கு நிமிடக் கணக்கு, டேட்டாவுக்கு எம்பி கணக்கு என்று தனிக் கட்டணம் ஓடும். வருகிற அழைப்பை எடுத்தாலும் காசுதான்.

மாட்டிக்கொள்ளும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். துறைமுகத்திலும் கரையோரத்திலும் இந்த டவரை அணைத்து வைத்திருப்பார்கள். பினாங்கில் பகல் முழுக்க போன் மலேசிய நெட்வொர்க்கில் ஒழுங்காக வேலை செய்யும். 200 படம் எடுத்திருப்பீர்கள். ஒன்று 4 எம்பி என்றால் மொத்தம் 800 எம்பி. மாலையில் கப்பல் கிளம்பிக் கரையை விட்டு விலகியதும் கப்பல் டவர் உயிர்பெறும். நீங்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள். போனோ அந்த 800 எம்பியையும் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டு எண்ணாக இருந்தால் பில் எகிறிக்கொண்டே போகும். ப்ரீபெய்டில் இருக்கிற பேலன்ஸ் தீர்ந்ததும் நின்றுவிடும். பெரியவர்கள் கையில் ப்ரீபெய்டு எண் இருப்பதே நல்லது என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

டேட்டா ரோமிங்கை மட்டும் அணைப்பது பாதிப் பாதுகாப்பு. அழைப்புகள் அப்போதும் வரும். கப்பல் கிளம்பும் முன்பே ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்ய வேண்டும். வரிசை இதுதான். மாற்றிச் செய்தால் சில போன்களில் வைஃபையும் சேர்ந்து அணைந்துவிடும்.

கப்பல் வைஃபை: கடலில் இருக்கும் ஒரே நியாயமான வழி

முன்பு கப்பல் இணையம் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. நாம் பேசியது மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்புவதற்கு அரை நொடி ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'ஹலோ' என்று சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான். ஸ்டார்லிங்க் என்ற புதிய செயற்கைக்கோள் இணையச் சேவையின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன. 2022 ஆகஸ்டில் ராயல் கரீபியன் குழுமம் தன் கப்பல்களுக்கு இதை அறிவித்தது. பிறகு மற்ற பெரிய நிறுவனங்களும் இந்தப் பக்கம் வந்தன. ஸ்டார்லிங்க் உள்ள கப்பலில் வாட்ஸப் வீடியோ கால் பெரும்பாலும் வீட்டு வைஃபையில் பேசுவது போலவே இருக்கும். எனவே புக்கிங் செய்யும்போதே ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கப்பலில் எந்த இணையம் என்பது.

இரண்டாவது கேள்வி, அந்தப் பேக்கேஜில் கால் பேச முடியுமா என்பது. மலிவான பேக்கேஜ் சிலவற்றில் மெசேஜ் மட்டும் போகும், கால் போகாது. பேரனின் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே காசு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாகிவிடும்.

கட்டணம் பெரும்பாலும் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று இருக்கும். நான்கு நாளுக்கு இருவரும் தனித்தனியாகப் போட்டால் எட்டு நாள் காசு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரு கருவிப் பேக்கேஜே போதும். ஒரு போனில் லாக்-அவுட் செய்துவிட்டு மற்றதில் லாக்-இன் செய்துகொள்ளலாம். முன்னதாக ஆன்லைனில் வாங்கினால், ஏறிய பிறகு வாங்குவதைவிட வழக்கமாகக் குறைவாக இருக்கும். கப்பல் நிறுவனத்தின் ஆப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் அதில்தான் இருக்கும். பேக்கேஜ் வாங்காதவர்களுக்கும் பெரும்பாலான கப்பல்களில் அது வேலை செய்யும்.

காசு கட்டியும் இணையம் வரவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். விபிஎன் (இணையத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடினால் லாக்-இன் பக்கம் திறக்காமல் போகலாம். ஆண்ட்ராய்டு அமைப்பில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்பதை ஆன் செய்து வைத்திருந்தாலும் அதே கதை. மூன்றாவது, வைஃபை அமைப்பில் போனின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் 'ரேண்டம் மேக்' இருந்தால் கப்பல் உங்கள் போனை வேறொரு புதுப் போன் என்று நினைத்து மறுபடி காசு கேட்கலாம். அந்த வைஃபைக்கு மட்டும் 'போன் மேக்' என்று மாற்றிவிடுங்கள். ஐபோனில் அந்த வைஃபைக்கு 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணைத்துவிடுங்கள்.

துறைமுகத்தில்: இந்திய ரோமிங் பேக்கும் இ-சிம்மும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இ-சிம் என்பது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம். இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டால் நம் எண்ணிலேயே பேசலாம், ஓடிபி வரும், சிம்மைக் கழற்ற வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்குப் புது எண் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் பேக் போடுவதற்கு முன் நாலு விஷயம் உறுதியாக வேண்டும். மூன்று நாடுகளும் ஒரே பேக்கில் இருக்கின்றனவா? பேக்கின் நாட்கணக்கு வாங்கிய உடனே தொடங்குகிறதா, வெளிநாட்டு நெட்வொர்க்கைத் தொட்டதும் தொடங்குகிறதா? அந்தந்த நாட்டில் எந்த நெட்வொர்க்குக்குப் பேக் செல்லும்? நான்காவது, பலரும் மறப்பது: வழக்கமான உள்நாட்டு ரீசார்ஜ் பயணத்தின் நடுவில் முடிந்துவிடாமல் இருக்கிறதா? அடிப்படைத் திட்டம் செத்தால் மேலே போட்ட ரோமிங் பேக்கும் நின்றுவிடலாம். ரீசார்ஜ் கடையிலோ கஸ்டமர் கேரிலோ, "அண்ணே, இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகியிருக்கா, எப்ப வரைக்கும் வேலிடிட்டின்னு பாத்துச் சொல்லுங்க" என்று கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுவது நிம்மதி.

இன்னொரு சிக்கல், டேட்டா வரும் ஆனால் கால் வராது. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு நின்றுவிட்டது. சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே போய்விட்டது, 3ஜியும் 2024-ல் விடைபெறத் தொடங்கியது. சிங்கப்பூரில் கால் பேச 4ஜியில் ஓடும் வோல்ட்இ வசதி வேண்டும், மலேசியாவிலும் அது இருப்பது நல்லது. பழைய பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கு சிங்கப்பூரில் கால் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும். போன் அமைப்பில் வோல்ட்இ ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் இறங்கிய முதல் நாளே வீட்டிலிருந்து ஒரு கால் போடச் சொல்லிச் சோதித்துவிடுங்கள். கப்பல் ஏறிய பிறகு தெரிந்து பயனில்லை.

இ-சிம்மின் பலம் டேட்டா. தென்கிழக்கு ஆசியா முழுமைக்கும் ஒரே பேக் கிடைக்கும். துறைமுகத்துக்குத் துறைமுகம் எதையும் மாற்ற வேண்டாம். போனில் *#06# அடித்தால் ஈஐடி என்று ஒரு நீண்ட எண் வருகிறதா பாருங்கள். வந்தால் போன் இ-சிம் ஏற்கும். ஐபோனில் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி உண்டு, சீனாவில் வாங்கிய ஐபோன்கள் பெரும்பாலும் விலக்கு. குறைந்த விலை ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் கிடையாது. இந்தியாவில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: வெளிநாட்டு சிம்மை இங்கே விற்க தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லை என்று 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இ-சிம் நிறுவனங்களின் ஆப்புகள் இங்கே முடக்கப்பட்டன. எனவே இந்திய அனுமதி உள்ள நிறுவனத்திடம் வாங்குங்கள்.

வாங்கிய இ-சிம்மை மதுரையிலேயே வீட்டு வைஃபையில் ஏற்றிவிடுங்கள். க்யூஆர் கோடு உங்கள் போனிலேயே வந்திருந்தால் அதே போனால் ஸ்கேன் செய்வது சிரமம்; வேறொரு போனுக்கு அனுப்பி அதன் திரையைக் காட்டுங்கள். ஏற்றியதை அழிக்காதீர்கள். பல கோடுகள் ஒரு தடவைதான் வேலை செய்யும்.

அமைப்பில் தடுமாறுவது இங்கேதான்: இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப். தலைகீழாகத் தோன்றினாலும் அதுதான் சரி, ஏனென்றால் அந்த இ-சிம்மும் இன்னொரு நாட்டிலிருந்து ரோமிங்கில் வந்திருப்பதுதான். ஐபோனில் 'அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்பதை அணைத்தே ஆக வேண்டும். அது ஆன் ஆக இருந்தால், இ-சிம் சிக்னல் மங்கும்போது போன் தானாக இந்திய சிம்மின் டேட்டாவுக்குத் தாவிவிடும். பேக் போடாத சிம்மாக இருந்தால் காசு அங்கே கசியும்.

எங்கள் தீர்ப்பு: ஸ்மார்ட்போனில் வாட்ஸப்புக்கு அப்பால் எதையும் தொடாதவர்களுக்கு இந்திய ரோமிங் பேக். மேப், டாக்ஸி ஆப் என்று ஊர் சுற்றுகிறவர்களுக்கு டேட்டாவுக்கு இ-சிம், இந்திய சிம் ஓடிபிக்கு மட்டும். ரோமிங்கில் மெசேஜ் வருவதற்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. ஓடிபிக்காகப் பெரிய பேக் தேவையில்லை, ரோமிங் வசதி ஆன் ஆகியிருந்தால் போதும்.

உள்ளூர் சிம்

சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள், லாபம்தான். கப்பலுக்காக மட்டும் என்றால் வேண்டாம். மூன்று நாட்டிலும் பாஸ்போர்ட் காட்டித்தான் சிம் வாங்க முடியும். கப்பல்கள் சிலவற்றில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். கையில் நகல் மட்டும் இருக்கும். புக்கெட்டில் கப்பல் கடலில் நின்று, சிறு படகில் கரைக்குக் கொண்டுபோகும் நாட்களும் உண்டு. கிடைக்கிற ஆறேழு மணி நேரத்தில் சிம் கடை தேடுவது வீண். தவிர, இந்திய சிம்மைக் கழற்றிவிட்டால் வங்கி ஆப்புகள் பல அடம்பிடிக்கும்.

மகனோ மகளோ கூடவே கப்பலில் வருகிறார்கள் என்றால் இவ்வளவும் தேவைப்படாமலும் போகலாம். சிங்கப்பூர் மாதத் திட்டங்கள் பலவற்றில் மலேசியா, தாய்லாந்து ரோமிங் டேட்டாவும் சேர்ந்தே வரும். அவர்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் துறைமுகச் செலவு மிச்சம். கூட்டத்தில் பிரிந்தால் இணையமும் பிரியும், அவ்வளவுதான் குறை.

ஓடிபியும் மோட்டார் ஸ்டார்ட்டரும்

கடலில் ஏரோபிளேன் மோடில் இருக்கும்போது ஓடிபி வராது. கரை தொட்டதும் மொத்தமாக வந்து விழும். அதற்குள் எல்லாம் காலாவதி. வங்கி வேலை, டிக்கெட் புக்கிங் எதுவானாலும் துறைமுக நாளில் முடித்துவிடுங்கள். யூபிஐ ஆப்பை அழித்து மறுபடி ஏற்றும் வேலை வெளிநாட்டில் வேண்டவே வேண்டாம்: பதிவு செய்ய நம் சிம்மிலிருந்து மெசேஜ் போக வேண்டும்.

மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகளுக்குத் தனியாக ஒன்று. தோட்டத்து மோட்டாரை மொபைல் ஸ்டார்ட்டர் வழியாகப் போன் போட்டு ஓட்டுகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து அதை நம்ப வேண்டாம். அந்தப் பெட்டிக்குப் பதிவு செய்த எண் சரியாகத் தெரிந்தால்தான் மோட்டார் ஓடும். வெளிநாட்டு அழைப்பில் எண் மாறித் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பெட்டியில் இருப்பது சாதாரண சிம் என்பதால் வாட்ஸப் கால் அதற்குப் போகாது. தம்பியின் எண்ணையோ மச்சானின் எண்ணையோ இரண்டாவது எண்ணாகப் பதிவு செய்து, கிளம்பும் முன் ஒரு தடவை மோட்டாரை ஓட விட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முந்தைய இரவு

வாட்ஸப்பில் மீடியா ஆட்டோ டவுன்லோடை ரோமிங்கின்போது அணைத்துவிடுங்கள். சொந்தக்காரர் குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்களே அரை நாள் டேட்டாவைக் குடித்துவிடும். கால்களுக்கு 'யூஸ் லெஸ் டேட்டா' போடுங்கள். கூகுள் போட்டோஸ் பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள், பிளே ஸ்டோர் அப்டேட்டை நிறுத்துங்கள். பினாங்கு, புக்கெட் மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், தாய் மொழி மொழிபெயர்ப்பையும் கூடவே.

கடைசியாக நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து ஒன்றரை மணி நேரம்தான். புக்கெட் டவரைத் தொட்டதும் போன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போகும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், மாலை 5 மணிக்குள் திரும்ப வேண்டியவர் போனில் 5 பார்க்கும்போது கப்பலில் மணி 6. கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று வரவேற்பில் கேட்டு, போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, அந்த நேரத்தைக் கையால் வையுங்கள். கூட ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தையும் அதே நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள்.