பூட்டிக் கிடந்த அறைகளும் செத்த குழாயும்: நாலு வருச அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் பதினெட்டு அறை விடுதி ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பு. கூரையில் சூரிய வெந்நீர்த் தாங்கி, தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், அறைக்கு ஒரு ஏசி. மே முதல் செப்டெம்பர் வரை சீசன். மாரி தொடங்கினால் முக்கால்வாசி அறைகள் பூட்டுத்தான்.

முதல் வருசம் சீசன் திறந்த வாரமே 14ஆம் அறை ஷவரில் கூழ்முட்டை நாற்றம். தாங்கியைக் கழுவிக் குளோரின் போட்டோம். பத்து நாளில் திரும்ப வந்தது. கடைசியில் சுவரை உடைத்த பிளம்பர்தான் காட்டினார். கட்டாமலே விட்ட இரண்டு அறைக்காகப் போட்ட நாலு மீற்றர் குழாய், முனையில் மூடி. தண்ணி ஓடாத செத்த குழாய். "இதுக்குள்ள போன தண்ணி எங்க அண்ணை போகும்?" 20 மில்லிமீற்றர் உள்விட்டத்துக்கு ஒன்றேகால் லீற்றர் வரும். வாளியில் விட்டோம்: பிளேன்டீ நிறம், விரலில் வழுவழுவென்று ஒட்டியது. பிரியும் இடத்தோடு வெட்டி அடைத்த பிறகுதான் நாற்றம் ஓய்ந்தது.

நாற்றத்தையாவது மூக்கு சொல்லிவிடும். லெஜியோனெல்லாவுக்கு வாடையில்லை. 1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களை நியூமோனியாவாக வந்து கொன்ற கிருமி அது. 25 முதல் 45 பாகை வரை நன்றாகப் பெருகும். குளிர்நீரை 20 பாகைக்குக் கீழே வை என்கின்றன வெளிநாட்டுக் கையேடுகள். திருகோணமலையில் ஐஸ் கட்டி போட்டால்தான் உண்டு! ஆகவே தாங்கியில் 60 பாகை, குழாயில் ஓட்டம். மழை நாளில் வெயிலை நம்ப முடியாது, ஹீற்றர் போடத்தான் வேணும். கரண்ட் பில்லுக்குப் பயந்து முதலாளி இரவில் பம்பை நிறுத்தச் சொன்னார். விடிய அளந்தால் திரும்பிவரும் குழாயில் 38. அதைக் காட்டியபின் பேச்சில்லை. (கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் பம்பும் இல்லை, பில்லும் இல்லை.) ஷவரில் தோல் வெந்துவிடாமல் கலப்பு வால்வு பூட்டியிருக்கிறோம்.

பூட்டிய அறைகளில் திங்கள்தோறும் எல்லாக் குழாயும் ஐந்து நிமிடம் ஓடும். ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத்தான் திறப்பேன், தூவலோடு கிருமி மூச்சில் போகக்கூடாது.

ஏசிதான் இன்னும் தலையிடி. வடிகுழாய் ஒரு இடத்தில் தொய்ந்தாலும் தட்டில் தண்ணி நிற்கும். போன மாரியில் டோர்ச் அடித்துப் பார்த்தால் நுளம்புக் கூத்தாடிகள் நெளிகின்றன. 2017இல் கிண்ணியா டெங்கில் பட்ட பாட்டைப் பார்த்தவனுக்கு நெஞ்சு திக்கென்றது. ஊற்றிவிட்டால் போதாது, ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேணும். பதினேழு தட்டுக்குக் கை போகிறது. 9ஆம் அறையில் மட்டும் அலுமாரியை நகர்த்தாமல் முடியாது. முதலாளியோடு அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.