மோரிஸ் மைனர், எம்ஜிபி லீவர் ஷாக்குக்கு எந்த ஆயில்? 20டபிள்யூ ஃபோர்க் ஆயில் மதிப்பீடு

பழைய பிரிட்டிஷ் கார்களான மோரிஸ் மைனருக்கோ (1948–1971) எம்ஜிபிக்கோ (1962–1980) ஷாக் அப்சார்பர் ஆயில் என்று கேட்டால், கடையில் ஜாக்கி ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ நீட்டுவது வழக்கம். மோட்டார் சைக்கிள் முன்ஃபோர்க்குக்கு விற்கும் மினரல் 20டபிள்யூ ஃபோர்க் ஆயில் அந்த இரண்டையும்விட நல்லது. விலை சற்றுக் கூடினாலும் தயங்காமல் வாங்கலாம்.

இந்த வண்டிகளில் இருப்பது ஆம்ஸ்ட்ராங் கம்பெனியின் லீவர் ஷாக்; சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கைதான் அந்த லீவர். வார்ப்பு உடலுக்குள் இரண்டு பிஸ்டன்கள் ஆயிலை வால்வு வழியே தள்ளுகின்றன. மேல்மூடியில் ஆயில் ஊற்ற ஒரு பிளக் உண்டு. எம்ஜிபி பணிமனைக் கையேடு ஆம்ஸ்ட்ராங் சூப்பர் (தின்) 624 திரவத்தைக் கேட்கிறது. அது கிடைக்காவிட்டால் தரமான எஸ்ஏஇ 20/20டபிள்யூ (எஸ்ஏஇ என்பது ஆயிலின் கெட்டித்தன்மைத் தரம்) மினரல் ஆயில் ஊற்றலாம், ஆனால் கடுங்குளிருக்கு அது ஒத்துவராது என்கிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்னும் ஓடும் மைனர்களுக்கு அந்தக் குளிர்க் கவலை இல்லை. பனி விழும் ஊரில் ஓட்டுபவர் இன்னும் மெல்லிய 10டபிள்யூ பக்கம் போகலாம்.

வாங்கும்போது டப்பாவில் உள்ள 'டபிள்யூ' எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஃபோர்க் ஆயிலில் அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; ஒருவரின் 15 இன்னொருவரின் 10 அளவுக்கே இருக்கலாம். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு; எண் கூடினால் ஆயில் கெட்டி) என்று பாருங்கள். எஸ்ஏஇ 20க்கு ஏறத்தாழ இணை ஐஎஸ்ஓ விஜி 68, அதாவது 40 டிகிரியில் சுமார் 68 சென்டிஸ்டோக் என்பதால், 60 முதல் 80 வரை இருந்தால் சரி. ஃபோர்க் ஆயிலில் நுரை அடக்கும் சேர்மானம் உண்டு. ஷாக்குக்கு அதுதான் உயிர். நுரைத்த ஆயில் அமுங்கிக்கொடுக்கும். அப்புறம் வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

ஜாக்கி ஆயில் பெரும்பாலும் விஜி 32 அல்லது அதற்கும் கீழே. கெடுதல் செய்யாது, ஆனால் வெயிலில் சூடேறியதும் வண்டி மிதக்கும். அவசரத்துக்கு ஊற்றலாம், அவ்வளவுதான். 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் இதற்கு நேர் எதிர்: 40 டிகிரியில் ஃபோர்க் ஆயிலைப் போல் இரு மடங்கு கெட்டி. சின்னப் பள்ளத்துக்கே லீவர் கல்லாக நின்று, அடியை இணைப்புப் புஷ்களுக்கும் பிடிப்பு போல்ட்டுகளுக்கும் அனுப்பும். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது பெரும்பாலும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளால் ஆனது, மினரல் ஆயில் அல்ல. உயவு போதாது, ஈரத்தை இழுக்கும், மினரல் ஆயிலுக்கான சீலையும் கெடுக்கும், சிந்தினால் பெயின்ட்டையும் உரிக்கும்.

ஊற்றுமுன் பிளக்கைச் சுற்றி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். வால்வுக்குள் ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும், ஷாக் ஒரு திசையில் வேலை செய்யாது. மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சால், நிரப்பு துளையின் அடி வரை மட்டும் ஊற்றுங்கள். சூட்டில் ஆயில் விரிய மேலே இடம் வேண்டும். வண்டியில் வைத்தே ஊற்றினால், மட்கார்டை அழுத்தி அழுத்தி விட்டு, மட்டம் இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள்.

கழற்றிச் செய்வது இன்னும் நல்லது. முன்பக்க ஷாக்கின் கைதான் மேல் சஸ்பென்ஷன் கையும் என்பதை மறக்க வேண்டாம்: கீழ்க்கையை ஜாக்கியால் தாங்காமல் எதையும் அவிழ்க்காதீர்கள், ஸ்பிரிங் விசை முழுக்க அங்கே நிற்கிறது. கழற்றியதை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் சிலிண்டருக்குள் காற்று போய்விடும். வைஸில் பிடித்து, லீவரை முழு வீச்சுக்கு மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒரு இடத்தில் திடீரென இளகி, பிறகு பிடித்தால் காற்று இன்னும் இருக்கிறது. கையால் மெதுவாகக்கூட நகர்த்த முடியாவிட்டால் பிஸ்டன் சிக்கியிருக்கிறது அல்லது உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. பழைய ஆயில் கறுத்துக் குழைந்திருந்தால் அதன்மேல் ஊற்றாமல் முழுக்க வடித்துவிடுங்கள். முன்பு ஊற்றியது என்ன வகை என்று தெரியாதபோதும் அப்படியே.

லீவர் தண்டின் ஓரத்தில் ஆயில் கசிந்தால், எந்த நல்ல ஆயிலும் சில வாரத் தவணைதான். கசிவை நிறுத்தக் கெட்டி ஆயில் ஊற்றும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அதில் கசிவும் நிற்காது, சவாரியும் கெடும். லீவரைப் பிடித்துத் தண்டின் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டின் பேரிங் தேய்ந்துவிட்டது. முன்பக்கத்தில் அந்த ஆட்டம் சக்கரத்தின் சாய்வையும் மாற்றும், டயரை ஒருபக்கமாகத் தின்னும். அங்கே ஆயில் செலவை நிறுத்திவிட்டு, தண்டும் சீலும் புதிதாகப் போட்டுச் சீரமைத்த ஷாக்கை, இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.