முகத்தில் ஜீப், வயிற்றில் பென்ஸ்: கிராண்ட் செரோகி 2.7 டீசலுடன் ஆறு வருஷம்

விடியற்காலை நாலரை மணிக்கு நுவரெலியாவில் ஒரு டீசல் வாகனம் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்த்தாலே அதன் தரம் பாதி தெரிந்துவிடும். ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆட்களைக் கூட்டிப் போவது என் தொழில். விடியும்போதே பட்டிப்பொல வாசலில் நிற்க வேண்டும். நேரம் போனால் உலக முடிவு என்ற மலை விளிம்பில் மூட்டம் அடைத்துவிடும், வந்தவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சனவரி, பெப்ரவரியில் புல் மேல் உறைபனி உப்புத் தூவின மாதிரிக் கிடக்கும். அந்தக் குளிரிலும் சாவியை ஒரு படி திருப்பி, குளோ பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்தால், என் ஜீப் ஒரே இழுவையில் பிடித்துக்கொள்ளும்.

வண்டி 2003 ஜீப் கிராண்ட் செரோகி, 2.7 டீசல், ஆட்டோ கியர். இங்கிலாந்தில் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக இங்கே இறங்கியது. 2019 இல் கண்டியில் ஒருவரிடம் வாங்கினேன். வாங்கின அன்று வீட்டில் பெரிய சண்டை. மாமா முகத்துக்கு நேராகவே சொன்னார்: "அமெரிக்கச் சாமான் மருமகனே, ஒரு போல்ட் ஆணி உடைஞ்சாலும் இங்க கிடைக்காது. பேசாம டொயோட்டா ஒண்ணு எடுத்திருக்கலாம்." அப்போது எனக்கும் பதில் தெரியவில்லை. வண்டியின் உயரமும் இழுவையும் பிடித்திருந்தது, விலையும் கைக்கு எட்டியது, எடுத்துவிட்டேன்.

பதில் தெரிந்தது மூன்றாவது வருஷம், றம்பொடை ஏற்றத்தில். வவுனியாவில் இருந்து வந்த வயதான தம்பதியரை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று கியர் இரண்டாவதில் பூட்டிக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் மேலே மாறவில்லை. ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துத் திரும்பப் போட்டால் கொஞ்ச தூரம் சரி, பிறகு பழையபடி இரண்டாவது. அப்படியே ஊர்ந்து ஊர்ந்து நுவரெலியா போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா வழி முழுக்க முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

கொழும்பில் அமெரிக்க வாகனப் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடைக்குப் போன் போட்டேன். அமெரிக்காவில் இருந்துதான் வர வேண்டும், ஆறு வாரம் ஆகும், முழுப் பணத்தையும் முன்னாலே கட்டுங்கள் என்றார்கள். அதைவிடப் பழைய கியர்பெட்டி ஒன்றை அப்படியே மாற்றுவது நல்லது என்று ஒரு தொகையும் சொன்னார்கள். அந்தத் தொகைக்கு ஒரு த்ரீவீல் எடுக்கலாம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு ஹட்டனில் எங்கள் பாஸ் அண்ணனிடம் போனேன். தோட்டத் துரைமார்களின் வாகனங்களிலேயே தலை நரைத்தவர். சாக்கை விரித்து அடியில் புகுந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு விரலில் எண்ணெயோடு வெளியே வந்து மூக்கருகில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது யாரோட பெட்டின்னு தெரியுமா? இது பென்ஸ் பெட்டி. இந்த பிளக்க நான் எத்தனையோ மாத்தியிருக்கேன்."

கியர்பெட்டியின் பக்கவாட்டில் ஒயர் உள்ளே போகும் இடத்தில் பெருவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் பிளக் இருக்கிறது. அதில் இரண்டு ரப்பர் வளையம். இருபது வருஷச் சூட்டில் ரப்பர் இறுகிப்போய், அதன் வழியாக எண்ணெய் கசிந்து ஒயருக்குள் ஏறிவிட்டது. எண்ணெய் புகுந்ததும் கம்ப்யூட்டர் குழம்பி, பெட்டியைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவது கியரில் நிறுத்திவிடுகிறது. இந்தப் பெட்டியில் எண்ணெய் அளவு பார்க்க டிப்ஸ்டிக்கும் கிடையாது. குழாய்க்கு மேல் ஒரு மூடி மட்டும்தான், அளவுகோலைக் கராஜ்காரர் தனியாக வைத்திருக்க வேண்டும். அதனால் எண்ணெய் குறைந்தது எனக்குத் தெரியவே இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பென்ஸ் சாமான் விற்கும் கடையில் சொல்லி, அந்த பிளக் இரவு பஸ்ஸில் பார்சலாக ஹட்டன் வந்தது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. செலவு ஒரு டயர் விலைகூட வரவில்லை.

சரி, ஜீப்புக்குள் பென்ஸ் எப்படி வந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வாகனத்தை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரதெல்ல இறக்கத்தில் போகிற மாதிரி.

1998 இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் அமெரிக்காவின் கிறைஸ்லரும் ஒன்றாகச் சேர்ந்தன. ஜீப் அப்போது கிறைஸ்லரின் கையில். சமமானவர்களின் சேர்க்கை என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் 2000 முடிவதற்குள் கிறைஸ்லரை நடத்த ஜெர்மனியில் இருந்து டீட்டர் செட்சே வந்துவிட்டார். 2002 மாடலில் இருந்து வெளிநாட்டுக்குப் போகும் கிராண்ட் செரோகி டீசலில் பென்ஸின் ஐந்து சிலிண்டர் எஞ்சின் ஏறியது: 2,685 சிசி, 163 குதிரைவலு, 400 நியூட்டன் மீட்டர் இழுவை. அதனோடு பென்ஸின் ஐந்து கியர் ஆட்டோ பெட்டி. பென்ஸ் எம்எல் 270 இல் இருப்பதும் இதே எஞ்சின்தான். வண்டியை அசெம்பிள் பண்ணியது அமெரிக்காவில்கூட இல்லை, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில்.

இதே உருவத்தில் 2001 வரைக்கும் வந்த டீசல் வேறு. அது இத்தாலியின் விஎம் மோட்டோரி செய்த 3.1 எஞ்சின், 140 குதிரைவலு. ஐந்து சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட். தாங்கும்வரை நன்றாகத் தாங்கும், சூடேறிவிட்டால் ஹெட்டில் கீறல் விழும், கேஸ்கட் போகும். பாரத்தோடு நீண்ட ஏற்றம் ஏறும் நமக்கு அது பெரிய பயம். கினிகத்தேனையில் இருந்து ஹட்டன் வரை ஏறிவிட்டுப் பானட்டைத் திறந்து பார்ப்பதே பழக்கமாகிவிடும். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே ஜீப். உள்ளே இரண்டு நாட்டுக்காரர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு தகட்டில் 17 எழுத்துகளில் செசி நம்பர் இருக்கும். என்னுடையது 1ஜே8 என்று தொடங்குகிறது. முதல் 1 அமெரிக்காவைக் குறிக்கிறது. 10 ஆவது இடத்தில் இருக்கும் 3, 2003 மாடல் என்கிறது. 11 ஆவது இடத்தில் வை என்ற ஆங்கில எழுத்து, அதுதான் கிராஸ் தொழிற்சாலை. 10 ஆவது இடத்திலும் வை வரலாம், அங்கே அது 2000 ஆம் ஆண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டோர்ச் ஒன்றை அடித்து இந்த இரண்டு இடத்தையும் பார்த்தால், விற்பவர் சொல்லாததையும் அந்தத் தகடு சொல்லிவிடும்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதானால், இழுவைக்காகவே இதைக் கும்பிடலாம். ஐந்து பேர், மேலே சாமான், அம்பேவெல தாண்டி ஏறும்போது எஞ்சின் முனகாது. முன்னும் பின்னும் முழு அக்சில், அதனால் தோட்டத்துக் கல் ரோட்டில் அடி வாங்கினாலும் அசராது. தார் ரோட்டில் ஓட்டும்போது கொஞ்சம் கப்பல் மாதிரி ஆடும், பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், இஞ்சி டொஃபி வைத்திருங்கள். மலையில் லீட்டருக்கு 8 கிலோமீட்டர் கிடைக்கிறது, கொழும்புப் பக்கம் இறங்கினால் பத்தரை. நான் சூப்பர் டீசல்தான் அடிக்கிறேன், இன்ஜெக்டர் விலையை யோசித்தால் அதில் மிச்சம் பிடிக்க மனம் வராது. ரதெல்லயில் இறங்கும்போது கியரை இரண்டில் போட்டு எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுவேன், பிரேக்கைச் சுட வைப்பதில்லை.

இந்த எஞ்சினை எடுப்பவர்கள் இன்ஜெக்டர் அடியில் உள்ள செப்பு வாஷரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அது பிடி விட்டால் குளிர் எஞ்சினில் சுக், சுக் என்று ஒரு சத்தம் கேட்கும், உள்ளே டீசல் புகை மணக்கும். கவனிக்காமல் ஓட்டினால் தார் மாதிரிக் கறுப்பாகப் படிந்து இன்ஜெக்டரைக் கல்லாகப் பிடித்துவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. ஆரம்பத்திலேயே பிடித்தால் வாஷரும் ஒரு புது போல்ட்டும் போதும். இதுவும் பென்ஸ் கடையில் கிடைக்கும் சாமான். நம் நாட்டில் ஓடும் மைக்ரோ ரெக்ஸ்டன் 2.7 எஞ்சினும் இதே வம்சம்தான், கொரியாவின் சாங்யோங் பென்ஸிடம் உரிமம் வாங்கிச் செய்தது. ஆனால் அதன் இன்ஜெக்டர் வேறு கம்பெனியுடையது, இதில் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

ஜெர்மன்காரன் கை படாத இடங்களில்தான் நமக்குத் தலைவலி. கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, ஏசிக்குள் சூட்டையும் குளிரையும் பிரித்துவிடும் சின்னக் கதவு, இரண்டும் இந்த மாடலில் எந்த நாட்டிலும் பேசப்படும் பலவீனங்கள். அவை கிறைஸ்லர் சாமான், இங்கே தேடினாலும் கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வரும்போது பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டியதுதான். மாமா பயந்தது இந்தப் பகுதிக்கு மட்டும் சரி.

2007 இல் டைம்லர் கிறைஸ்லரின் பெரும்பங்கை செர்பரஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2009 இல் கிறைஸ்லர் திவாலாகி, இத்தாலியின் ஃபியட் உள்ளே வந்தது. 2014 இல் முழுவதும் ஃபியட்டின் கைக்குப் போனது. 2021 இல் பிரான்சின் பேஜோ, சித்ரோன் குழுமத்தோடு சேர்ந்து ஸ்டெல்லான்டிஸ் ஆனது, பதிவு நெதர்லாந்தில். ஒவ்வொரு முதலாளி மாறும்போதும் முந்தினவர் விட்டுப்போன வண்டிகளை வாங்கினவன்தான் நடுவில் நிற்கிறான். என் வண்டி அந்த வகையில் அதிர்ஷ்டம் செய்தது. ஜெர்மன்காரன் போய்விட்டாலும் தன் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் உரிய சாமான்களைத் தன் கார்களுக்காக விற்றுக்கொண்டே இருக்கிறான். அந்த வாசல் எனக்கும் திறந்திருக்கிறது.

புதிதாக எடுக்க நினைப்பவர்களும் இதையே பார்க்க வேண்டும். 2011 இல் வந்த கிராண்ட் செரோகியின் எலும்புக்கூடு பென்ஸ் எம்எல்லோடு பகிர்ந்தது, டீசல் எஞ்சின் மறுபடியும் விஎம் மோட்டோரி. ரெனகேட் இத்தாலியின் மெல்ஃபியில் ஃபியட் 500 எக்ஸோடு ஒரே கூரையின் கீழ் பிறந்தது. கொம்பஸ் 2017 இல் இருந்து இந்தியாவில், பூனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் செய்யப்படுகிறது, வலது பக்க ஸ்டியரிங்கோடு. சாமான் கிடைக்கும் வழியை வைத்துப் பார்த்தால் நமக்குக் கிட்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரைக்கு ஜீப் ஓட்டியவர். அவர் அதை அமெரிக்கன் ஜீப் என்றுதான் எங்களுக்குச் சொல்லுவார். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதன் சத்தம் கேட்டாலே ரோட்டோரம் ஓடிப்போய் நிற்போம். பிறகுதான் தெரிந்தது, அது உரிமம் வாங்கி ஜப்பானில் மிட்சுபிஷி செய்தது, 4டிஆர்5 எஞ்சின். ஜப்பான் எஞ்சின் என்பதால்தான் இன்றைக்கும் அதற்கு எந்தக் கராஜிலும் கை வைக்க ஆள் இருக்கிறது. இந்தியாவில் மஹிந்திராவும் 1947 இல் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்பா இன்று இருந்திருந்தால் என் வண்டியின் பானட்டைத் திறந்து, எந்த ஊர் எஞ்சின் என்று முதலில் கேட்டிருப்பார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து பழைய வண்டிகளுக்கு வந்த மவுசு, 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகும் இறங்கவில்லை. வரியோடு சேர்த்துப் புதிது எடுக்க நம்மால் முடியாது. அதனால் இப்படிப்பட்ட ஜீப்புகளைப் பற்றி விசாரித்து வாரம் ஒருவராவது போன் பண்ணுகிறார்கள். 2.7 டீசல், எண்ணெய் மாற்றிய பதிவு இருந்தால் தைரியமாக எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நேற்று பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பி பேசினான். கிராண்ட் செரோகி, டீசல், கறுப்பு, சுத்தமாக இருக்கிறது, இன்றே முற்பணம் கேட்கிறார்கள் அண்ணே என்றான். கண்ணாடிக்குக் கீழே டோர்ச் அடித்து 10 ஆவதும் 11 ஆவதும் என்னவென்று வாசிக்கச் சொன்னேன். எண்ணி எண்ணி வாசித்தான். "வை அண்ணே. அப்புறம் இன்னொரு வை."

காசு கொடுக்க வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன், நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவை, ஐந்து ஹெட்டையும் குளிராகவே பார்க்க வேண்டும் என்றேன்.