பாம் ஷெல்டரா, ஃபிரிட்ஜா, சில்லரா? சிங்கப்பூர் வீட்டில் ஒயினுக்கு ஏற்ற இடம்

சிங்கப்பூரில் ஒயின் மலிவான பொருள் இல்லை. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை என்பதால், 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சாதாரண 750 மில்லி பாட்டிலுக்குத் தீர்வை மட்டுமே எட்டரை வெள்ளி ஆகிறது. அதன் மேல் பொருள் சேவை வரி வேறு. தள்ளுபடி வந்தால் ஆறு, பன்னிரண்டு என்று பெட்டியாக வாங்கிவிடுகிறோம். வாங்கியதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் ஒரே அறிவுரைதான்: 12, 13 டிகிரி வெப்பம், இருட்டு, 60 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம், அசைவில்லாத இடம். இது ஐரோப்பிய நிலவறைகளிலிருந்து வந்த கணக்கு. பாரிஸ் வானாய்வகத்தின் அடியில், 28 மீட்டர் ஆழத்தில், ஆண்டு முழுவதும் 12 டிகிரியை ஒட்டியே வெப்பம் நிற்கிறது. ஆழத்தில் இருக்கும் மண் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊரின் சராசரி ஏறத்தாழ 27.8 டிகிரி. இங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் குளிர்ச்சி கிடைக்காது. அதை மின்சாரம்தான் தரவேண்டும். ஆகவே பாட்டில் எத்தனை நாள் நம் வீட்டில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற இடத்தைத் தேடுவதுதான் சரி. பாட்டிலின் விலையை வைத்து இடத்தை முடிவு செய்யக் கூடாது.

இருப்பதிலேயே மோசமான இடம் வரவேற்பறை ராக். பார்க்க அழகுதான், ஆனால் வெப்பம், ஒளி இரண்டும் சேர்ந்து தாக்கும் இடம் அது. ஒயினில் இயல்பாகவே இருக்கும் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) ஒளியை உள்வாங்கி, கந்தக வாடை தரும் சேர்மங்கள் உருவாகக் காரணமாகிறது. வேகவைத்த முட்டைக்கோஸ், நனைந்த கம்பளி போல ஒரு நாற்றம் வரும். தெளிந்த கண்ணாடியில் வரும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். லூயி ரோடரர் நிறுவனத்தின் கிரிஸ்டல் ஷாம்பெயினை இன்றும் மஞ்சள் செலோபேன் தாளில் சுற்றி விற்பதற்கு அந்தத் தெளிந்த பாட்டில்தான் காரணம். அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரியும் ஃபிரிட்ஜின் தலையும் இதே ரகம். அங்கே ஒளிக்குப் பதில் சூடு.

அடுத்து, பலரும் நம்பும் படுக்கையறை. இரவில் ஏர்கான் ஓடும்போது 24 டிகிரி, பகலில் ஜன்னலை மூடிவிட்டு வேலைக்குப் போனால் 30. இந்த ஏற்ற இறக்கம் தினமும் நடக்கிறது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை அழுத்தும், குளிரில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கும். ஒரு மாதம் என்றால் பரவாயில்லை. ஒரு வருடத்துக்கு நான் நம்பமாட்டேன்.

இதைவிட, வீட்டுக்குள்ளேயே கட்டித் தரும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டர் எனக்குப் பிடித்த இடம். செங்காங், பொங்கோல் பக்கம் இருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அநேகமாக ஒன்று இருக்கும். பெரும்பாலும் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அடைந்து கிடக்கும். தடித்த கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது, நல்ல இருட்டு. வெளியே மழையோ வெயிலோ, உள்ளே வெப்பம் மெதுவாகத்தான் மாறும். ஆனால் அந்த நிலையான வெப்பம் 28 டிகிரியை ஒட்டியது என்பதை மறந்துவிடக் கூடாது. பத்து டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் நிலவறையில் மூன்று வருடத்தில் நடப்பது இங்கே ஒரு வருடத்தில் நடந்துவிடும். அதுவும் அழகாக முதிராது. பழவாசனை போய், நிறம் மங்கி, வேகவைத்த பழச்சுவை வந்துவிடும். மூன்று, நான்கு மாதத்துக்குள் குடித்துவிடும் சிவப்பு ஒயினுக்கு இது போதும். சுவரில் துளை போடாமல் தரையில் நிற்கும் ராக்காக வையுங்கள். அவசரம் என்றால் உடனே காலி செய்யக்கூடியதாகவும் இருக்கட்டும்.

சமையலறை ஃபிரிட்ஜைப் பற்றி ஒயின் விரும்பிகள் சொல்லும் குறைகள் பல: நான்கு டிகிரி மிகவும் குளிர், காற்று உலர்ந்தது, கார்க் காய்ந்துவிடும், மோட்டார் அதிரும், பூண்டு வாடை ஏறும். இவை எல்லாம் குளிர்நாட்டில் அலமாரியே 18 டிகிரியில் இருப்பவர்களுக்குப் பொருந்தும் குறைகள். நமக்கு ஃபிரிட்ஜுக்கு மாற்று 28 டிகிரி. குளிர் ஒயினைக் கெடுக்காது, முதிர்ச்சியைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கார்க் காய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். அடியில் கற்கண்டுத் துகள் போலப் படிகங்கள் தங்கினால் பயப்பட வேண்டாம். நம் புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலத்தின் உப்புதான் அது, உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆகவே வெள்ளை, ரோஸே, ஷாம்பெயின் எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் காய்கறித் தட்டில் படுக்க வைத்துவிடலாம். சிவப்பையும் வைக்கலாம், குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்தால் போதும். கதவுத் தட்டில் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குலுங்கும், சூடேறும்.

ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பாட்டில் வீட்டில் இருக்கப்போகிறது என்றால் ஒயின் சில்லரைத் தவிர வேறு வழியை நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் சில்லர் என்பதில் கவனம் தேவை. விலை குறைந்த, சத்தமே இல்லாத சிறு சில்லர்கள் பல தெர்மோஎலக்ட்ரிக் வகை, அதாவது கம்ப்ரெசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விப்பவை. அவை அறை வெப்பத்திலிருந்து பெரும்பாலும் 10, 12 டிகிரிதான் குறைக்கும். 31 டிகிரி சமையலறையில் அது 20 டிகிரியோடு மூச்சு வாங்கி நின்றுவிடும், பொத்தானில் 12 என்று வைத்தாலும். நம் ஊருக்கு, ஃபிரிட்ஜைப் போல மோட்டாரில் இயங்கும் கம்ப்ரெசர் வகைதான். அதில் லேசான அதிர்வு உண்டு, இரைச்சலும் கொஞ்சம் உண்டு. வெப்பத்தோடு ஒப்பிட்டால் இரண்டுமே சின்ன விஷயங்கள்.

இரட்டை வெப்பப் பிரிவு உள்ள சில்லருக்குக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. அது பரிமாறும் வசதிக்கானது. சேமிப்பதற்கு சிவப்பு, வெள்ளை எல்லாமே 12, 13 டிகிரியில் ஒன்றாக இருக்கலாம். அப்புறம், விளம்பரத்தில் சொல்லும் பாட்டில் எண்ணிக்கை ஒல்லியான போர்தோ பாட்டிலை வைத்துப் போட்டது. பர்கண்டி, ஷாம்பெயின் பாட்டில்கள் அகலமானவை என்பதால் நடைமுறையில் குறைவாகவே கொள்ளும். கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். பின்னால் காற்றோட்டத்துக்கு இடம் விடவேண்டும், பாம் ஷெல்டருக்குள் வைத்துக் கதவை மூடக் கூடாது. அது வெளியேற்றும் சூடு அந்த அறையிலேயே தங்கிவிடும்.

கட்டணக் கிடங்கு பத்து வருடம் காத்திருக்கும் பாட்டில்களுக்கும், பிற்பாடு விற்க நினைப்பவர்களுக்கும்தான். சாங்கியில் 2010-இல் திறந்த ஃப்ரீபோர்ட் என்ற பாதுகாப்புக் கிடங்கு போன்ற இடங்களில் வைத்த ஒயினுக்கு, எங்கே எப்படி இருந்தது என்ற பதிவு இருக்கும். வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார். வாரக் கடைசியில் குடிக்க வாங்குபவருக்கு இது வீண் செலவு.

படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா? கார்க் பாட்டிலை நீண்ட நாள் வைத்தால் படுக்க வையுங்கள், கார்க் நனைந்தே இருக்கும். திருகு மூடிக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான். இங்கே விற்கும் நியூசிலாந்து ஒயினில் பெரும்பகுதி திருகு மூடிதான், ஆஸ்திரேலிய ஒயினிலும் நிறைய உண்டு. அவற்றுக்காக ராக் வாங்கவே தேவையில்லை, வந்த அட்டைப் பெட்டியே நல்ல இருட்டு.

ஏற்கெனவே சூட்டில் கிடந்த பாட்டில் வீட்டில் இருந்தால் கழுத்தைப் பாருங்கள். கார்க் விளிம்பைத் தாண்டி மேலே எழும்பியிருந்தாலோ, மேலுறையைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருந்தாலோ அதைச் சில்லரில் சேர்த்துப் பயனில்லை. இந்த வாரமே திறந்து பாருங்கள். சுவை நன்றாக இருந்தால் குடித்துவிடுங்கள், இல்லையென்றால் இறைச்சிக் குழம்பில் ஊற்றலாம்.